ஐயாயிரம் ரூபாய்க்குள் கையடக்க ரெட்ரோ கேம் பெட்டி: எதை வாங்குவது, எப்படி அமைப்பது

கேள்வி: "பட்ஜெட் ஐயாயிரம். கொஞ்சம் மிஞ்சினாலும் சமாளிக்கலாம். 90களில் டிவியில் மாட்டி ஆடிய கான்ட்ரா, மரியோ, வீடியோ கேம் கடையில் காயின் போட்டு ஆடிய முஸ்தபா, பிறகு பிளேஸ்டேஷன் 1 கேம்கள், இவ்வளவும் ஓட வேண்டும். பத்து வயது மகனும் ஆடுவான். எந்த மாடல் வாங்கலாம்? வாங்கியதும் என்னென்ன செய்ய வேண்டும்?"

நீங்கள் கேட்ட பட்டியலில் இருப்பவை அனைத்தும் இந்த விலையில் கிடைக்கும் பெட்டிகளில் தாராளமாக ஓடும். ஆகவே பிராசஸர், ரேம் என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். இந்த வகைப் பெட்டி வாங்குபவர்களின் பணமும் சேவ் கோப்புகளும் வீணாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பெட்டியோடு வரும் பெயர் தெரியாத மெமரி கார்டில். பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இப்போதே நல்ல கார்டுக்கென்று எடுத்து வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மாடலுக்கு வருவோம். உங்கள் விலைக்கும் அதற்குச் சற்று மேலேயும் மூன்று பெட்டிகளைப் பார்க்கலாம்.

முதலாவது ஆர்36எஸ். இருப்பதில் விலை குறைவு இதுதான். ராக்சிப் ஆர்கே3326 என்ற நான்கு கோர் சிப், 1 ஜிபி ரேம், 3.5 அங்குல ஐபிஎஸ் திரை, 640x480 பிக்சல், 3200 எம்ஏஎச் பேட்டரி, இரண்டு அனலாக் ஸ்டிக், இரண்டு மைக்ரோ எஸ்டி கார்டு துளைகள். வைஃபை உள்ளே கிடையாது. டிவியில் இணைக்கும் வசதியும் இல்லை. இதன் பெரிய தொல்லை போலிகள். அதே உறை, அதே பெயர், உள்ளே வேறு போர்டு. அசலிலேயே தயாரிப்பு ஓட்டத்தில் திரைப் பேனலை பலமுறை மாற்றியிருக்கிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்து என்ன பாடு படுத்தும் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது 2023இல் வந்த மியூ மினி பிளஸ். திரை அதே 3.5 அங்குலம், அதே 640x480. சிப் இரண்டு கோர் கார்டெக்ஸ் ஏ7, ரேம் வெறும் 128 எம்பி, பேட்டரி 3000 எம்ஏஎச், வைஃபை உண்டு. எண்களைப் பார்த்தால் பலவீனமாகத் தெரியும். ஆனால் பிளேஸ்டேஷன் 1 வரை எல்லாம் சுகமாக ஓடும். இதற்கென்றே எழுதப்பட்ட ஆனியன் ஓஎஸ் என்ற இலவச மென்பொருள்தான் இதன் உயிர். பட்டனை அழுத்தி அணைத்தால் ஆடிய இடத்தைத் தானே சேமிக்கும், மறுபடி போட்டால் அதே இடத்தில் தொடங்கும். ஸ்டிக் கிடையாது.

மூன்றாவது ஆன்பர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச். 2024இல் வந்தது, படுக்கை வடிவம். ஆல்வின்னர் எச்700 சிப், 1 ஜிபி ரேம், 3300 எம்ஏஎச் பேட்டரி, இரண்டு ஸ்டிக், வைஃபை, புளூடூத், டிவிக்கு மினி எச்டிஎம்ஐ. விலை மற்ற இரண்டையும் விடக் கூடுதல்.

என் தீர்ப்பு இது. ஐயாயிரத்தைத் தாண்டவே முடியாது, ஒரு மாலை நேரம் கணினி முன்னால் உட்காரத் தயார் என்றால் ஆர்36எஸ். அமைக்கும் வேலை பிடிக்காது, டி-பேடில் (கூட்டல் குறி வடிவத் திசைப் பட்டன்) ஆடும் கேம்களே போதும் என்றால் மியூ மினி பிளஸ். பணத்தைக் கொஞ்சம் கூட்ட முடிந்தால், உங்களுக்கு ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச்தான் சரி. காரணம் முஸ்தபா. அது இரண்டு மூன்று பேர் தோளோடு தோள் நின்று ஆடிய கேம். மினி எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து, ஒரு கூடுதல் கேம்பேடையும் சேர்த்தால் அப்பாவும் மகனும் ஒன்றாக ஆடலாம். மூன்றரை அங்குலத் திரையை இரண்டு பேர் பகிர்ந்து பார்ப்பது கஷ்டம்.

நின்டெண்டோ 64, ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி பற்றி விற்பனைப் பக்கங்களில் பெரிதாக எழுதியிருப்பார்கள். ஆர்கே3326 சிப்பில் அவற்றில் லேசான கேம்கள் மட்டும் ஓடும், கனமானவை திணறும். எச்700 சற்று மேல், அவ்வளவுதான். பிஎஸ்பி கேமின் படம் 480x272 என்ற அகலவாக்கில் இருக்கும். 640x480 திரையில் அது 640x363 ஆக நடுவில் வரும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை. பிஎஸ்பிதான் முக்கியம் என்றால் இந்த மூன்றுமே வேண்டாம்.

திரைக் கணக்கை ஒரு நிமிடம் கவனியுங்கள். பழைய கேமின் ஒரு பிக்சல் புதிய திரையில் முழு எண் மடங்காக விரிந்தால் படம் கூர்மையாக இருக்கும். பிளேஸ்டேஷன் 1 கேம்கள் பலவும் 320x240. இரண்டு மடங்கு செய்தால் 640x480, திரை கச்சிதமாக நிறைந்துவிடும். டிவி கேம் 256x240, இரு மடங்கில் 512x480, இருபுறமும் 64 பிக்சல் காலி. கேம்பாய் அட்வான்ஸ்தான் இடிக்கும். அது 240x160. இரு மடங்கில் 480x320 என்று சிறிதாக நிற்கும். திரையின் அகலத்துக்கு இழுத்தால் 2.67 மடங்கு ஆகும், அதனால் சில பிக்சல் தடிமனாகவும் சில மெல்லியதாகவும் தெரியும். படம் நகரும்போது எழுத்துகள் அலைபாயும். கேம்பாய் அட்வான்ஸை மட்டுமே ஆடுபவர் என்றால் 720x480 திரை கொண்ட ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் பாருங்கள், சரியாக மூன்று மடங்கு வரும். உங்கள் பட்டியலுக்கு 640x480 போதும்.

எங்கே வாங்குவது? அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரிலிருந்து இந்தியாவில் தடையில் இருக்கிறது. ஆகவே உள்நாட்டு இணையக் கடைகளில் மறுவிற்பனையாளர்களிடம்தான் வாங்க வேண்டியிருக்கும். அவர்கள் தருவது அசலா போலியா என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கும் விற்பனையாளரிடம் வாங்கி, அந்தக் கெடு முடிவதற்குள் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். "இருபதாயிரம் கேம்" என்ற எண்ணிக்கையைப் பார்த்து விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். அதில் பல ஒரே கேமின் வெவ்வேறு நாட்டுப் பதிப்புகள்.

அந்த நிரப்பி வரும் கேம்கள் பற்றி ஒரு வார்த்தை. அவை உரிமம் பெறாத நகல்கள். நீங்கள் சட்டப்படி வைத்திருக்கும் கணினி நிரலுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52 இடம் தருகிறது. கையில் இல்லாத கேமை இறக்கிக்கொள்வது அதில் அடங்காது. உங்களிடம் பழைய பிளேஸ்டேஷன் சிடிகள் இருந்தால் கணினியின் சிடி டிரைவிலேயே பிரதி எடுக்கலாம். இலவசமாகவே வெளியான நல்ல கேம்களும் உண்டு. 2004இல் வந்த கேவ் ஸ்டோரி, டூம் எஞ்சினில் ஓடும் ஃப்ரீடூம், கேம்பாய்க்கு எழுதிய டோபு டோபு கேர்ள் மூன்றும் இந்தப் பெட்டிகளில் ஓடும். மகனுக்கு முதலில் டோபு டோபு கேர்ள் கொடுத்துப் பாருங்கள், சீக்கிரம் கீழே வைக்க மாட்டான்.

இனி அமைப்பது. ஆர்36எஸ் வாங்கியதாக வைத்துச் சொல்கிறேன், சிக்கல் அதிகம் அதில்தான்.

பெட்டி வந்த நாளில் எதையும் மாற்றாமல், வந்த கார்டுகளோடேயே போட்டுப் பாருங்கள். திரையில் செத்த பிக்சல் இருக்கிறதா, இரண்டு ஸ்டிக்கும் நடுவில் நிற்கின்றனவா, ஸ்பீக்கரும் ஹெட்போன் துளையும் பேசுகின்றனவா, சார்ஜ் ஏறுகிறதா, பின்மூடியைக் கழற்றினால் பேட்டரி தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா. டி-பேடைச் சோதிக்கக் கான்ட்ராவே போதும். வலப்பக்கம் மட்டும் அழுத்திக்கொண்டு சுட்டபடி ஓடுங்கள். துப்பாக்கி இடையிடையே சாய்வாக மேலே தூக்கினால் டி-பேட் பொய்யான மூலைவிட்டத் தொடுகையைக் கொடுக்கிறது என்று அர்த்தம். லேசாக இருந்தால் பழகிவிடும். அடிக்கடி வந்தால் கெடுவுக்குள் திருப்பிவிடுங்கள்.

சார்ஜரில் ஒரு பொறி உண்டு. இந்த விலைப் பெட்டிகள் பலவற்றில் டைப் சி துளை இருந்தாலும், இருமுனையும் டைப் சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. டைப் சி சார்ஜர் எதிர்ப்பக்கம் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கண்டால்தான் மின்சாரம் விடும். செலவைக் குறைக்க அதைப் போடாமல் விட்டிருப்பார்கள். பெட்டி செத்துவிட்டது என்று பயந்து திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு முனை பழைய செவ்வக யுஎஸ்பி, மறுமுனை டைப் சி உள்ள கேபிளை எடுத்து, 5 வோல்ட் 1 அல்லது 2 ஆம்பியர் பழைய போன் சார்ஜரில் போடுங்கள். ஃபாஸ்ட் சார்ஜர் வேண்டாம். ஆர்36எஸ்ஸில் இரண்டு டைப் சி துளைகள் இருக்கும், டிசி என்று அச்சிட்டிருப்பதுதான் சார்ஜுக்கு. ஓடிஜி என்பது வெளிக் கருவிகளுக்கு.

இப்போது கார்டு. ஓஎஸ்ஸுக்கு (பெட்டியை இயக்கும் மென்பொருள்) 32 ஜிபி ஒன்று, கேம்களுக்கு 64 அல்லது 128 ஜிபி ஒன்று. சான்டிஸ்க், சாம்சங் போன்ற நிறுவனத் தயாரிப்பை நம்பகமான கடையில் வாங்குங்கள். வாங்கியதும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக் அல்லது லினக்ஸில் எஃப்3 கொண்டு சோதியுங்கள். இவை கார்டு முழுவதையும் கோப்புகளால் நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். உள்ளே 8 ஜிபி மட்டும் இருந்து 64 என்று பொய் சொல்லும் கார்டு இதில் தப்பாது. 64 ஜிபி கார்டில் நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதினால் எழுதுவதற்கே ஒரு மணி நேரம் ஆகும். பொறுங்கள், இந்த ஒரு மணி நேரம் பிறகு பல நாள் தலைவலியை மிச்சப்படுத்தும்.

எவ்வளவு இடம் தேவை? டிவி கேம்கள் பெரும்பாலும் அரை எம்பிக்குள். கேம்பாய் அட்வான்ஸ் கேம் ஒன்று அதிகபட்சம் 32 எம்பி. இடத்தை விழுங்குவது பிளேஸ்டேஷன் 1 மட்டும்தான், ஒரு சிடி 700 எம்பி வரை போகும். அந்த சிடி நகல்களை சிஎச்டிமேன் என்ற இலவசக் கருவியில் சிஎச்டி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தரம் எதுவும் குறையாது, இடம் கணிசமாக மிச்சமாகும், ஒரு சிடிக்கு ஒரே கோப்பாகிவிடும். இரண்டு மூன்று சிடி கொண்ட கேம் என்றால், அந்தக் கோப்புப் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதிய எம்3யு கோப்பு ஒன்று வைத்து, அதைத் திறக்க வேண்டும். அப்போதுதான் சிடி மாற்றும்போது சேவ் தொலையாது.

அடுத்து ஓஎஸ். இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஆர்36எஸ்ஸுக்குள் தனிச் சேமிப்பகம் எதுவும் இல்லை. ஓஎஸ் முழுக்கக் கார்டில்தான் இருக்கிறது. ஆகவே நீங்கள் என்ன தவறு செய்தாலும் பெட்டி சாகாது, பழைய கார்டைத் திரும்பச் செருகினால் பழையபடி எழும். தைரியமாகச் செய்யலாம், பழைய கார்டை மட்டும் அழிக்காதீர்கள்.

டிஎஃப்1 துளையில் இருக்கும் பழைய ஓஎஸ் கார்டை எடுத்துக் கார்டு ரீடரில் போடுங்கள். விண்டோஸ் உடனே "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்கும். ஒவ்வொரு முறையும் கேன்சல் கொடுங்கள். கார்டில் லினக்ஸ் பகுதிகள் இருக்கின்றன, விண்டோஸுக்கு அவை படிக்கத் தெரியாது, அதனால் காலி என்று நினைக்கிறது. பழக்கதோஷத்தில் ஓகே அழுத்தினால் ஓஎஸ் போய்விடும்.

பூட் என்ற பெயரில் தெரியும் சிறு பகுதியைத் திறந்து, உள்ளே இருப்பதை அப்படியே கணினியில் ஒரு ஃபோல்டரில் நகலெடுங்கள். அதில் டிடிபி என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். உங்கள் பெட்டியில் எந்தத் திரைப் பேனல் இருக்கிறது, அதை எப்படி எழுப்ப வேண்டும் என்ற விவரம் அதற்குள்தான் இருக்கிறது. பேனல் மாறினால் டிடிபி மாறும். இந்த ஒரு கோப்பை எடுத்து வைக்காமல் பழைய கார்டை அழித்தவர்கள், தங்கள் பேனல் எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தக் கோப்பின் பெயரையும் பாருங்கள். ஆர்கே3326 என்று தொடங்கி ஆர்35எஸ் லினக்ஸ் என்று முடிந்தால் அசல் ஆர்36எஸ்ஸுக்கான ஆர்க் ஓஎஸ் (இத்தகைய பெட்டிகளுக்கான இலவச ஓஎஸ்) பதிப்பு உங்களுக்குப் பொருந்தும். அந்தப் பெயரில் கோப்பே இல்லை, வேறு விசித்திரப் பெயர்கள் இருக்கின்றன என்றால் கையில் இருப்பது போலி போர்டாக இருக்கலாம். அப்போது ஆர்க் ஓஎஸ் போட முயலாதீர்கள். வின்32 டிஸ்க் இமேஜர் கொண்டு பழைய ஓஎஸ் கார்டை முழுசாக ஒரு இமேஜ் கோப்பாகப் படித்து, அதை நல்ல கார்டில் அப்படியே எழுதிவிடுங்கள். புதிய கார்டு பழையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 64 என்று போட்ட இரண்டு கார்டுகளின் அளவு துல்லியமாக ஒன்றாக இருக்காது, சில எம்பி குறைந்தாலும் எழுதாது. போலியே ஆனாலும், நல்ல கார்டில் அதன் சொந்த ஓஎஸ் ஓடினால் கான்ட்ரா ஆட அது போதும்.

அசல் என்றால் ஆர்36எஸ்ஸுக்கான ஆர்க் ஓஎஸ் இமேஜை இறக்கி, அமுக்கிய கோப்பாக இருந்தால் விரித்து, பலேனா எட்சர் அல்லது ரூஃபஸ் கொண்டு புதிய 32 ஜிபி கார்டில் எழுதுங்கள். எட்சர் எழுதி முடித்ததும் தானே சரிபார்க்கும், அதைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மறுபடியும் ஃபார்மேட் கேட்கும், மறுபடியும் கேன்சல். கார்டை ஒருமுறை கழற்றி மாட்டி, புதிய பூட் பகுதியில் நீங்கள் எடுத்து வைத்த டிடிபி கோப்பை ஒட்டுங்கள். அதே பெயரில் இருக்கிறது, மாற்றவா என்று கேட்டால் ஆம் கொடுங்கள். பத்திரமாக வெளியேற்றிவிட்டு டிஎஃப்1 துளையில் செருகிப் பெட்டியைப் போடுங்கள்.

முதல் தடவை சில நிமிடம் பிடிக்கும். பகுதிகளைக் கார்டு முழுவதற்கும் விரித்து, தானே அணைந்து எழும். திரை அசையவில்லையே என்று நடுவில் ரீசெட் அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும். சார்ஜ் நிறைய இருக்கும்போது இதைச் செய்யுங்கள்.

எழவில்லை என்றால் அறிகுறியைப் பாருங்கள். விளக்கு எரிகிறது, பட்டன் அழுத்தினால் மெனு ஒலிகூடக் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு அல்லது கோடு கோடாக இருக்கிறது என்றால் டிடிபி தவறு. லோகோ வந்து அங்கேயே நின்றால் கார்டு அல்லது எழுதியதில் கோளாறு, வேறு கார்டில் முயலுங்கள். விளக்கே எரியவில்லை என்றால் ஓஎஸ்ஸுக்குச் சம்பந்தமில்லை, சார்ஜரையும் பேட்டரி இணைப்பையும் பாருங்கள்.

கேம் கார்டை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்து, பெட்டி அணைந்திருக்கும்போது டிஎஃப்2 துளையில் செருகுங்கள். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று உள்ளே போனால் ரோம்களுக்கு (கேம் கோப்புகளுக்கு) எஸ்டி2வுக்கு மாறும் தேர்வு இருக்கும். அதை அழுத்தினால் எல்லா ஃபோல்டர்களையும் கார்டில் அதுவே உருவாக்கிக்கொடுக்கும். பிறகு கார்டைக் கணினியில் போட்டு, அந்தந்தக் கேமை அந்தந்த ஃபோல்டரில் வையுங்கள். மியூ மினி பிளஸ் என்றால் எக்ஸ்ஃபேட் ஆகாது, ஃபேட்32தான். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஃபேட்32 ஆக்க விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரம் இடம் தராது, ரூஃபஸ் செய்யும்.

சின்ன வயதில் "டிவி கேம்" என்று நாம் வாங்கியதெல்லாம் பெரும்பாலும் நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் விட்ட ஃபேமிலி கம்ப்யூட்டரின் நகல்கள். ஆகவே கான்ட்ராவும் மரியோவும் போக வேண்டிய இடம் என்இஎஸ் என்ற ஃபோல்டர். மியூவில் அதன் பெயர் எஃப்சி.

போட்டு ஆடியதும் உங்களுக்கு ஒன்று உறுத்தும்: எல்லாம் வேகமாக ஓடுகிறதே, பாட்டுகூட அவசரமாகப் போகிறதே என்று. உங்கள் நினைவு தவறில்லை. ஜப்பான், அமெரிக்க டிவி நொடிக்கு 60 முறை படம் வரைந்தது, கேம் அந்தத் துடிப்பை எண்ணித்தான் நகர்ந்தது. நம் ஊர் டிவி பால் (PAL) முறை, நொடிக்கு 50. அதற்காகச் செய்த நகல் பெட்டிகளில் கான்ட்ரா ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடியது. சுருதி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், தாளம் மட்டும் நிதானமாகும். அந்த வேகம்தான் வேண்டும் என்றால் கேமை ஓடவிட்டு, செலக்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தி ரெட்ரோஆர்க் (எமுலேட்டர்களை ஓட்டும் மென்பொருள்) மெனுவைத் திறங்கள். கோர் ஆப்ஷன்ஸில் ரீஜன் என்ற வரியை டெண்டி என்று மாற்றி, கேமை மூடித் திறங்கள். டெண்டி என்பது ரஷ்யாவில் விற்ற இதே வகை நகலின் பெயர். எஃப்சிஇயுஎம்எம், நெஸ்டோபியா இரண்டு எமுலேட்டரிலும் (பழைய கேம் கருவியைப் போல இயங்கும் மென்பொருள்) இந்தத் தேர்வு உண்டு. பெட்டியின் திரை 60 துடிப்பு என்பதால் நகர்வு லேசாக வெட்டும். ஆனாலும் முதல் கட்டப் பாட்டு அந்தக் காலத்துத் தாளத்தில் வரும்போது அது ஒரு பொருட்டாகத் தெரியாது. மகனுக்கும் இதுவே நல்லது, குண்டுகள் மெதுவாக வரும்.

முஸ்தபாவைப் பட்டியலில் முஸ்தபா என்று தேடினால் கிடைக்காது. அது நாயகர்களில் ஒருவனின் பெயர், நம் ஊரில் கேமுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கேப்காம் 1993இல் விட்ட அந்தக் கேமின் உண்மைப் பெயர் கெடிலக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். கோப்பின் பெயர் சுருக்கமாக டினோ, ஆங்கிலத்தில் டி, ஐ, என், ஓ.

ஆர்கேட் கேம்களுக்கு ஒரு தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. கோப்பு ஜிப்பாகவே இருக்க வேண்டும், விரிக்கக் கூடாது, பெயரை மாற்றக் கூடாது. எமுலேட்டர் அந்தப் பெயரை வைத்துத்தான் இது எந்த போர்டு என்று கண்டுபிடிக்கிறது. "முஸ்தபா" என்று ஆசையாகப் பெயர் மாற்றினால் அன்றோடு ஓடாது. பதிப்பும் பொருந்த வேண்டும். மேம் 2003 எமுலேட்டர் மேம் 0.78 காலத்துக் கோப்புகளைக் கேட்கும், எஃப்பி நியோ தன் சமீபத்திய பதிப்புக்கு ஏற்ற கோப்புகளைக் கேட்கும். ஒன்றின் கோப்பை மற்றதில் போட்டால் திரை ஒரு நொடி கறுத்து மெனுவுக்குத் திரும்பிவிடும். கேம் கெட்டுவிட்டது என்று அழிப்பதற்கு முன் எமுலேட்டரை மாற்றிப் பாருங்கள். நியோ ஜியோ கேம்களுக்கு அதே ஃபோல்டரில் நியோஜியோ என்ற ஜிப்பும் இருந்தாக வேண்டும்.

பிளேஸ்டேஷன் 1க்கு பயாஸ் கோப்பு (அந்தக் கருவியை எழுப்பும் அதன் உள் மென்பொருள்) தேவை. அது இல்லாமலும் பிசிஎஸ்எக்ஸ் எமுலேட்டர் தன் சொந்த மாற்றைக் கொண்டு ஓட்டும், ஆனால் சில கேம்கள் நடுவில் நின்றுபோகும். பயாஸ் சரியாக 512 கேபி இருக்கும். பெயர் ஒரு எழுத்தும் பிசகாமல், சிறிய எழுத்துகளில், பயாஸ் ஃபோல்டரில் நேரடியாக இருக்க வேண்டும், உள் ஃபோல்டருக்குள் அல்ல.

கடைசியாக சேவ். இதைப் புரிந்துகொள்ளாமல் வாரக்கணக்கில் ஆடியதை இழப்பவர்கள் ஏராளம். சேவில் இரண்டு வகை. கேமுக்குள்ளேயே இருக்கும் சேவ் ஒன்று, எமுலேட்டர் அந்த நொடியை அப்படியே உறைய வைக்கும் சேவ் ஸ்டேட் இன்னொன்று. ஆர்க் ஓஎஸ்ஸில் செலக்ட்டும் ஆர்1உம் சேர்த்தால் ஸ்டேட் சேமிக்கும், செலக்ட்டும் எல்1உம் சேர்த்தால் அதைத் திரும்ப எடுக்கும்.

ரெட்ரோஆர்க்கில் சேவ்ரேம் ஆட்டோசேவ் அணைந்திருந்தால், கேமுக்குள் சேமித்தது கேமை முறையாக மூடும்போதுதான் கார்டுக்குப் போகும். அதற்கு முன் பேட்டரி தீர்ந்தாலோ, ரீசெட் அழுத்தினாலோ போச்சு. செட்டிங்ஸ், சேவிங் என்ற இடத்தில் சேவ்ரேம் ஆட்டோசேவ் இடைவெளியை 10 நொடி என்று வையுங்கள். அடுத்த ஆபத்து: பழைய ஸ்டேட்டைத் திறந்தால் அன்றைய நினைவகமே திரும்பும், பிறகு கேமுக்குள் சேமித்ததையும் அது பழையதாக்கிவிடும். மகனிடம் ஒரே வழியைச் சொல்லிக்கொடுங்கள். நீளமான கேம்களில் கேமின் சொந்த சேவ் மட்டும், கான்ட்ரா மாதிரி சேவே இல்லாத கேம்களில் ஸ்டேட் மட்டும்.

அணைக்கும்போது கேமை செலக்ட், ஸ்டார்ட் சேர்த்து மூடிவிட்டு, மெனுவில் ஸ்டார்ட் அழுத்தி ஷட்டவுன் கொடுங்கள். எரிந்துகொண்டிருக்கும் பெட்டியிலிருந்து கார்டைப் பிடுங்காதீர்கள்.

ஆர்க் ஓஎஸ்ஸில் எஸ்ஆர்எம் என்று முடியும் கோப்புகள்தான் கேம் சேவ்கள், அந்தந்தக் கேமுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மாதம் ஒருமுறை கேம் கார்டைக் கணினியில் போட்டு, எஸ்ஆர்எம் என்று தேடி வருவதை எல்லாம் தேதி போட்ட ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள். மொத்தமும் சில எம்பிதான் வரும். கார்டு என்றாவது படுத்துவிட்டால், கேம்களை மறுபடி ஏற்றி, இந்தக் கோப்புகளை அதே பெயரோடு அதே இடத்தில் ஒட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.